நசுங்கல், கீறல், டயர்த் தடம்: கைப்பேசியா, டேஷ்கேமா, தனிக் கேமராவா?

விபத்து நடந்த 24 மணி நேரத்துக்குள், அல்லது அடுத்த வேலை நாளுக்குள், காப்புறுதி நிறுவனத்திடம் தெரிவித்தாக வேண்டும். லேசான சிராய்ப்புக்கும் சிங்கப்பூரில் இதே கணக்குத்தான். அடிபட்டவர் இருந்தால் முதலில் ஆம்புலன்ஸுக்கு 995, அப்போது வண்டியை நகர்த்தவும் கூடாது. காப்புறுதிக்காகச் சேதத்தைப் படமெடுப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

காரில் பொருத்திய பதிவுக் கேமராவான டேஷ்கேம், மோதல் எப்படி நடந்தது என்று சொல்லும். எவ்வளவு சேதம் என்று கேட்டால் வாயே திறக்காது. முன்னும் பின்னும் மட்டும் பார்ப்பதால் பக்கக் கதவு அதன் கண்ணில் படாது. அகல வில்லையில் முன்னால் போகும் கார் இன்னும் தள்ளியிருப்பதுபோல் தெரியும், அதை நம்பி இடைவெளி கணக்கிடாதீர்கள். பெரிய ஆபத்து வேறு: நொடிக்கு 15 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் 32 ஜிபி அட்டை ஐந்து மணி நேரத்துக்குள் நிரம்பி, பழையதன் மேலேயே எழுதத் தொடங்கும். இரு கேமரா என்றால் பாதி நேரம்தான். அந்த இடத்திலேயே கருவியை அணைத்து அட்டையைக் கழற்றிவிடுங்கள்.

சேதத்துக்குக் கைப்பேசிதான். ஆனால் 0.5x அகலக் கோணம் வேண்டாம், ஓரங்களை இழுத்துவிடும். மூன்று நான்கு மீட்டர் தள்ளி நின்று 1x-இல், நான்கு மூலைகளிலிருந்தும் நம்பர் பிளேட் தெரிய எடுங்கள், பிறகு நெருங்குங்கள்.

நசுங்கலுக்கு ஃபிளாஷ் எதிரி. நேர்முன் வெளிச்சம் நிழலை அழித்து, பள்ளத்தைத் தட்டையாக்கிவிடும். இன்னொருவர் கைப்பேசியின் டார்ச்சைத் தகட்டை உரசுவதுபோல் பக்கவாட்டில் பிடிக்கட்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பல மாடிக் கார் நிறுத்துமிடத்தில் அதுவும் தேவையில்லை: குழல்விளக்கின் பிம்பம் கதவில் நேர்கோடாக ஓடும், பள்ளம் இருக்குமிடத்தில் வளையும். கறுப்புக் காரில் இது இன்னும் தெளிவு.

அளவு காட்ட ஈஸி-லிங்க் பயண அட்டை போதும், 85.6 × 54 மில்லிமீட்டர். எண் உள்ள பக்கம் உள்ளே இருக்கட்டும். கீறல் இருக்கும் தளத்திலேயே ஒட்டி, கேமராவைச் செங்குத்தாகப் பிடியுங்கள். சாய்ந்தால் அளவு பொய். தரையிலிருந்து கீறலின் உயரத்தையும் டேப் வைத்து எடுங்கள். எதிர் வண்டியின் பம்பர் உயரத்தோடு ஒத்துவருகிறதா என்பதில்தான் பல சச்சரவுகள் தீரும்.

டயர்த் தடம் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக்) உள்ள வண்டியில் மங்கலாகத்தான் விழும், மழை பெய்தால் அதுவும் போச்சு. குனிந்து, தடத்தின் நீளவாக்கில் பாருங்கள். விரைவுச்சாலையில் மட்டும் இதற்காக வண்டிகள் ஓடும் பாதையில் இறங்காதீர்கள்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கும், எடுத்த நேரமும் இடமும் கழன்றுபோகும். ஆவணமாக அனுப்புங்கள்.

தனிக் கேமராவின் ஒரே பலம், வில்லையின் முன் மாட்டும் போலரைசர் வடிகட்டி. நனைந்த பெயின்ட்டின் பளபளப்பையும் கண்ணாடியின் பிரதிபலிப்பையும் குறைக்கும், ஆனால் சாய்ந்து பார்த்தால்தான். நேர்முகமாக எடுக்கும் அளவுப் படத்துக்கு உதவாது. தவிர, மோதும் நேரத்தில் அது வீட்டு அலமாரியில் இருக்கும். ஒர்க்‌ஷாப்பில் பம்பரைக் கழற்றியதும் உள்ளே வளைந்த சட்டம் தெரியும். அதை வேலை தொடங்குமுன் எடுக்கவும் கைப்பேசியே போதும்.