குத்தீட்டியா, எறியீட்டியா? பழைய ஜூலு ஈட்டிகளில் கைவேலை எங்கே?

தென்னாப்பிரிக்காவின் ஜூலு மக்களுடைய ஈட்டி என்றதும் நினைவுக்கு வருவது இக்ல்வா. குட்டைக் காம்பு, அகன்று நீண்ட அலகு, எறியாமல் கையில் பிடித்தே குத்துவது. உடலிலிருந்து உருவும்போது எழும் சத்தமே பெயராகிவிட்டது என்பார்கள். 1816 முதல் 1828 வரை ஆண்ட ஜூலு அரசர் ஷாகா இதைக் கண்டுபிடித்தார் என்பது பழகிப்போன கதை. அவருக்கு முன்பே குத்தீட்டி அந்தப் பக்கம் இருந்தது. அதைப் படையின் முதல் ஆயுதமாக்கியது வேண்டுமானால் அவர். இதன் பங்காளி இசிஜுலா, எறியீட்டி. 1879 ஜனவரி 22 அன்று இசாண்டில்வானாவில் பிரிட்டிஷ் முகாமைத் துடைத்தெறிந்த வீரர்கள் இரண்டையும் சேர்த்தேதான் சுமந்து போனார்கள்.

எறியீட்டியின் அலகு சின்னது. அதற்கும் காம்புக்கும் நடுவே மெல்லிய இரும்புத் தண்டு நீளமாக ஓடும். ஆட்டுத்தோல் துருத்தி, கரி உலை, சுத்தியலுக்குக் கல் என்ற நிலையில் அவ்வளவு மெல்லிசாக, வளையாமல் இரும்பை இழுப்பது லேசான காரியமில்லை. நிகண்ட்லா காட்டுப் பகுதிக் கொல்லர்களுக்கு இதில் தனிப் பேர் உண்டு. உலை வேலையை மட்டும் வைத்துப் பார்த்தால் என் ஓட்டு எறியீட்டிக்குத்தான்.

ஆனால் ஈட்டி என்பது உலையோடு முடிகிற சமாசாரமா? குத்தீட்டியின் மொத்தப் பாரமும் இரும்பும் மரமும் சேரும் இடத்தில்தான் விழுகிறது. குத்தி, திருகி, இழுக்க வேண்டும். எறிந்துவிட்டுக் கை உதறிக்கொள்ள வழியில்லை. இத்தனைக்கும் நம் ஊர் உலக்கைக்குப் போடுகிற மாதிரி இரும்புப் பூண் கிடையாது. காம்பின் தலையில் துளையைச் சுட்டெடுத்து, அலகின் கூரான வாலை உள்ளே இறக்கி, செடிப் பிசின் வைத்து, மேலே ஈரமான பச்சைத்தோலைச் சுற்றிவிடுவார்கள். கன்றுக்குட்டி வால் தோலைக் குழாயாக உரித்து உறைபோல மாட்டுவதும் உண்டு. தோல் காயக் காயச் சுருங்கி இறுகிக்கொள்ளும். ஆணி இல்லை, பற்றவைப்பு இல்லை. காம்பின் அடிமுனையைக் கொஞ்சம் பருமனாக விட்டுச் செதுக்கியிருப்பார்கள், ரத்தமும் வியர்வையும் பட்ட கை வழுக்காமல் இருக்க. எறியீட்டிக் காம்புக்கு அந்தக் கவலை குறைவு. அதனால் மொத்த வேலைப்பாட்டில் எனக்குக் குத்தீட்டி ஒரு படி மேல்.

அப்புறம் கம்பிப் பின்னல். தோலுக்குப் பதில் பித்தளைக் கம்பியைப் பாய் முடைவதுபோல நெருக்கிப் பின்னிய ஈட்டிகள் பார்க்க அள்ளிக்கொண்டு போகும். ஏலத்தில் கண் முதலில் அங்கேதான் போகிறது. 1879 போருக்குப் பிறகு வெள்ளைக்காரர்களுக்கு விற்பதற்கென்றே செய்தவையும் இதில் கலந்திருக்கின்றன. கம்பி இருந்தாலே போலி என்று ஒதுக்கவும் முடியாது, பழைய ஈட்டிகளிலும் கம்பி உண்டு. ஐரோப்பிய இரும்பு வந்த பிறகு உள்ளூர்க் கொல்லரின் உலையில் உருவானவையும் அப்படித்தான், இரும்பு வெளியூர் என்பதால் வேலையைக் குறை சொல்லிவிட முடியாது.

நான் முதலில் பார்ப்பது அலகின் விளிம்பை. கல்லில் தீட்டித் தீட்டி ஒரு பக்கம் லேசாகக் குறுகியிருக்கிறதா, கைபட்ட இடத்தில் காம்பு கறுத்து மழமழவென்று இருக்கிறதா என்று. இரண்டும் இருந்தால், தோல் கட்டு பாதி உதிர்ந்திருந்தாலும் எனக்கு அதுதான் வேண்டும்.