டீசல் கழுவலா, ஷாம்பூ கழுவலா? டிராக்டரின் பெயின்ட்டையும் இன்ஜினையும் காப்பதில் எது மேல்?

ஆற்காடு, ஆரணி, குடியாத்தம் பக்கம் எந்த வாட்டர் சர்வீஸ் கடையில் டிராக்டரைக் கொண்டுபோய் விட்டாலும் வேலை பெரும்பாலும் ஒரே முறையில்தான் நடக்கிறது. முதலில் இன்ஜின், கியர்பாக்ஸ் மேலெல்லாம் டீசலைப் பீய்ச்சிச் சிறிது நேரம் ஊறவிடுவார்கள். அதன்பின் போர்வெல் தண்ணீரை அதிக அழுத்தத்தில் அடித்து, வண்டி காய்ந்ததும் டீசலிலோ பழைய இன்ஜின் ஆயிலிலோ நனைத்த துணியால் பானட் முதல் சக்கர ரிம் வரை ஒரு துடை துடைத்துக் கொடுப்பார்கள். இதற்கு மாறாக, வீட்டிலேயே குறைந்த அழுத்தத் தண்ணீர், கார் ஷாம்பூ, தேவையான இடத்தில் மட்டும் கிரீஸ் நீக்கும் திரவம், கடைசியில் மெழுகு என்று செய்கிறவர்களும் இப்போது கூடிவருகிறார்கள். முதல் முறையில் வண்டி உடனே மினுக்கும். இரண்டாவதில் அந்த அளவு மினுக்கு வராது. ஆனால் எது அழுக்கை உண்மையில் நீக்குகிறது, எது ரப்பரையும் பெயின்ட்டையும் விட்டுவைக்கிறது, நம் ஊரின் உப்புத் தண்ணீருக்கும் வெயிலுக்கும் எது தாங்குகிறது என்று பார்த்தால் கணக்கு முழுக்க மாறிவிடுகிறது.

டீசலை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அதன்மேல் இருக்கும் நம்பிக்கைதான் மிகப் பெரியது. கிரீஸையும் கெட்டிப்பட்ட ஆயிலையும் டீசல் நன்றாகவே கரைக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் தான் கரைத்ததை முழுவதும் வெளியேற்றாது. தண்ணீர் அடித்த பிறகும் ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் வார்ப்பிரும்பின் சொரசொரப்பில் தங்கிவிடும். கழுவிய வண்டி நிலக்கடலைக் காட்டில் இரண்டு நாள் ஓடிய பிறகு டாப்பெட் கவரின் ஓரத்தையும், டீசல் பம்புக்குக் கீழே உள்ள மடிப்பையும் கிட்டே போய்ப் பாருங்கள். செம்மண் தூசு அந்தப் படலத்தில் ஒட்டி, விரலால் தேய்த்தால் பசைபோல் இழுபடும் பழுப்பு நிறத் திட்டாக ஆகியிருக்கும். அதே இடத்தைச் சோப்பு நீரால் கழுவி உலரவிட்டிருந்தால் தூசு வெறும் தூசாகவே உட்கார்ந்திருக்கும். கம்ப்ரஸர் காற்று பட்டாலே பறந்துவிடும்.

இன்ஜினைக் கழுவுவதே அழகுக்காக மட்டுமல்ல, ஒழுகலைக் கண்டுபிடிப்பதற்காகவும்தான் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். டாப்பெட் கவர் கேஸ்கெட் கசிகிறதா, நாசில் பைப்பின் நட்டு வியர்க்கிறதா, ஹைட்ராலிக் பைப்பின் இணைப்பில் ஆயில் இறங்குகிறதா என்பதெல்லாம் உலர்ந்த, சுத்தமான இரும்பின்மேல்தான் தெரியும். எல்லா இடமும் டீசலால் ஈரமாக இருக்கும் இன்ஜினில் எது கசிவு, எது கழுவிய மிச்சம் என்று தேர்ந்த மெக்கானிக்கும் உடனே சொல்ல முடியாது.

டீசலால் வரும் சேதம் ரப்பரில்தான் அதிகம். ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ், இன்ஜின் மவுன்ட்டிங் ரப்பர், வயர்களின் மேலுறை ஆகியவை அடிக்கடி டீசலில் நனைந்தால் ஊதி, மெத்தென்று ஆகி, பிறகு வெடிக்கத் தொடங்கும். கிளட்ச் அறையின் அடிப்பக்கத் துளை வழியாக டீசல் உள்ளே ஏறினால் கிளட்ச் பிளேட் வழுக்கும். ட்ரை பிரேக் (ஆயிலில் மூழ்காத பிரேக்) உள்ள பழைய வண்டிகளில் பிரேக்குக்கும் அதே கதிதான். தீ அபாயத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்தியத் தர நிர்ணயத்தின்படி டீசலின் தீப்பற்று வெப்பநிலை, அதாவது பொறி பட்டால் அதன் ஆவி பற்றிக்கொள்ளும் வெப்பம், குறைந்தபட்சம் 35 டிகிரி செல்சியஸ் இருந்தால் போதும், வேலூரில் மே மாத வெயிலோ 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டுகிறது. அந்த வெயிலில், சூடு ஆறாத சைலன்சருக்குப் பக்கத்தில் டீசலைப் புகையாகப் பீய்ச்சுவது தேவையற்ற துணிச்சல். மண்ணெண்ணெய் சற்றுச் சீக்கிரம் உலரும் என்பதைத் தவிர, மற்ற விஷயங்களில் டீசலுக்குத் தம்பிதான்.

கிரீஸ் நீக்கும் திரவம், அதாவது கடைகளில் டீகிரீசர் என்று கேட்டால் கிடைப்பது, தண்ணீரில் கலந்து அடிப்பது. எண்ணெயை நுண்துளிகளாகப் பிரித்துத் தண்ணீரோடு கூட்டிக்கொண்டு போய்விடும் என்பதால் மிச்சப் படலம் இருக்காது. இதிலும் எச்சரிக்கை உண்டு. பெரும்பாலானவை காரத்தன்மை உடையவை. லேபிளில் சொன்ன அளவுக்குமேல் கெட்டியாகக் கலந்தாலோ, வெயிலில் அப்படியே காயவிட்டாலோ பெயின்ட் மங்கும், டைனமோ கூடு போன்ற அலுமினியப் பாகங்கள் வெளுக்கும். காஸ்டிக் சோடாவைக் கரைத்து ஊற்றும் பழக்கம் சில பட்டறைகளில் இருக்கிறது. அது அலுமினியத்தை அரித்தே தின்னும் என்பதால் அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே வேண்டியதில்லை. துணி துவைக்கும் பவுடரும் சோடா கலந்ததுதான். சேற்றை எடுக்கும், கூடவே பெயின்ட்டின் மேலிருக்கும் மெழுகையும் எடுத்துவிடும். பாத்திரம் தேய்க்கும் திரவம் அந்த அளவு காரமில்லை என்றாலும் மெழுகை அதுவும் விட்டுவைக்காது. பானட், மட்கார்டு ஆகியவற்றுக்குக் கார் ஷாம்பூதான் ஏற்றது, இன்ஜினுக்கு அளவாகக் கலந்த டீகிரீசர். டீசலுக்கு ஓர் இடத்தை மட்டும் விட்டுக்கொடுப்பேன்: கியர்பாக்ஸின் அடியிலும் பின் ஆக்சில் கூட்டிலும் வருடக்கணக்கில் கிரீஸும் மண்ணும் சேர்ந்து கல்லாகிப்போன அடை. அதை மரச்சட்டத்தால் சுரண்டிவிட்டு, ஒரு கிண்ணம் டீசலைப் பிரஷ்ஷால் தொட்டுத் தேய்த்து, கையோடு சோப்பு நீரால் கழுவிவிட்டால் காரியம் முடிந்தது. லிட்டர் 90 ரூபாயைத் தாண்டிவிட்ட டீசலை அதற்குமேல் தரையில் ஊற்றுவானேன்? அப்படி ஊற்றியது கடைசியில் கிணற்றுக்கோ வாய்க்காலுக்கோதான் போகும். தோல் தொழிற்சாலைக் கழிவுநீரால் பாலாற்றுப் பகுதியின் நிலத்தடி நீர் கெட்டதைப் பற்றி உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போய் 1996-இல் தீர்ப்பு வந்த மண் இது. அந்த இழப்பை அறிந்த நாம் நம் பங்குக்கு எண்ணெயையும் சேர்ப்பது எனக்கு மனம் ஒப்பாத காரியம்.

அடுத்து தண்ணீரின் அழுத்தம். கரன்டில் ஓடும் சிறிய பிரஷர் வாஷர்களே 100 பாருக்கு மேல் தருகின்றன. நடவுக்கு வயலைச் சேறாக்கும் சேடை ஓட்டிவிட்டு வந்த வண்டியின் டயர், கேஜ் வீல், ரோட்டவேட்டர் ஆகியவற்றில் அப்பிய களிமண்ணுக்கு அந்த வேகம் வேண்டியதே; வாளியும் பிரஷ்ஷும் கொண்டு அதை எடுக்க அரை நாள் ஆகும். ஆனால் அதே நாசிலை முன்சக்கர ஹப், கிங்பின், ஸ்டியரிங் மூட்டு ஆகியவற்றின் சீலுக்கு நேராகப் பிடித்தால் தண்ணீர் சீலைத் தாண்டி உள்ளே ஏறி, கிரீஸைக் கெடுத்து, பேரிங்கைத் துருப்பிடிக்க வைக்கும். டைனமோ, செல்ஃப் மோட்டார், வயர் இணைப்புகள், ஏர் கிளீனர் வாய், ஆயில் ஊற்றும் மூடி ஆகியவற்றுக்கும் நேர் அடி கூடாது. ஸ்டிக்கர்களின் ஓரம் கிளம்புவதும் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் மடங்குவதும் இந்த அடியால்தான். 30 சென்டிமீட்டருக்குக் குறையாத தூரத்தில், விசிறிபோல் விரியும் நாசிலை வைத்து, சாய்வாக அடித்தால் இந்தச் சேதங்களில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.

பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்க மாந்தோப்புகளில் மருந்து அடிக்கும் பவர் ஸ்பிரேயரையே வண்டி கழுவவும் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. அழுத்தத்தைத் திருகிக் குறைத்துக்கொள்ளலாம் என்பது அதன் நன்மை. மருந்துத் தொட்டியையும் குழாயையும் நன்றாக அலசாமல் அந்த வேலையில் இறங்கினால் மருந்து கையிலும் முகத்திலும் தெறிக்கும் என்பது அதன் கேடு. தனிக் குழாயும் தனித் தொட்டியும் வைத்துக்கொள்ள முடிந்தால், டிராக்டருக்கு இதைவிடப் பொருத்தமான கருவி நம் கையில் வேறில்லை என்பது என் எண்ணம்.

எந்த முறையானாலும் இன்ஜின் முழுவதும் ஆறிய பிறகே தண்ணீர் படவேண்டும். டீசல் பம்பினுள் பிளஞ்சருக்கும் அது ஓடும் உருளைக்கும் இடையே உள்ள இடைவெளி சில மைக்ரான்கள்தான். சூடாக இருக்கும் பம்பின்மேல், அதிலும் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது, குளிர்ந்த நீர் பட்டால் வெளிக்கூடு சட்டெனச் சுருங்கி உள்பாகங்கள் இறுகிவிடக்கூடும். சூடான மேனிஃபோல்டு விரிசல் விடுவதும் இப்படித்தான். வாட்டர் சர்வீஸ் கடையில் வரிசையில் நின்று, வந்த சூட்டோடு கழுவப்படும் வண்டிக்கும், வீட்டில் இரவு முழுவதும் ஆறி விடியற்காலையில் கழுவப்படும் வண்டிக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுவே. கழுவும் முன் ஏர் கிளீனர் வாயையும் டைனமோவையும் பாலிதீன் பையால் கட்டிவிட வேண்டும். ஆயில் பாத் ஏர் கிளீனர் உள்ள வண்டிகளில், கழுவி முடித்ததும் கிண்ணத்தைக் கழற்றிப் பார்த்து, ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் மாற்றிவிட வேண்டும். பிறகு கம்ப்ரஸர் காற்றால் இணைப்புகளை உலர்த்தி, இன்ஜினைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, எல்லா நிப்பிளிலும் பழைய கிரீஸ் சேற்றுத் தண்ணீரோடு வெளியேறி நல்ல கிரீஸ் எட்டிப்பார்க்கும் வரை கிரீஸ் அடிப்பது கழுவலோடு சேர்ந்த வேலை. ரேடியேட்டரில் அடைத்த பதருக்கும் தூசுக்கும் காற்றே மேல். இன்ஜின் பக்கமிருந்து முன்பக்கமாகத் தள்ளினால் வந்த வழியே போய்விடும். அங்கே எண்ணெய்ப் பிசுக்கு இல்லாதவரை தண்ணீர் வேண்டாம்.

தண்ணீரின் அழுத்தத்தைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு அதன் உப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை வட்டாரத்தில் பல போர்வெல்களின் நீர் உப்பேறியது. அது பெயின்ட்டின்மேல் வெயிலில் காய்ந்தால் வெள்ளை வட்டங்கள் விழும். நட்டு மறைகளிலும் தகடு மடிப்புகளிலும் தங்கினால் துருவை விரைவுபடுத்தும். சேற்றைப் போர்வெல் தண்ணீரில் கழுவிவிட்டு, கடைசி அலசலுக்கு மட்டும் இரண்டு மூன்று குடம் நல்ல தண்ணீரோ பிடித்துவைத்த மழைத் தண்ணீரோ ஊற்றி, காயும் முன்பே துணியால் ஒற்றி எடுத்தால் இந்தக் குறை நீங்கும். யூரியா, பொட்டாஷ் ஏற்றிய டிரெய்லருக்கும் எரு அடித்த வண்டிக்கும் அன்றன்றே இந்த அலசல் வேண்டும்.

இனி காப்பு. பழைய இன்ஜின் ஆயில், தேங்காய் எண்ணெய், டீசல் கலந்த புது ஆயில் என எதைப் பூசினாலும் பெயின்ட்டின்மேல் நடப்பது ஒன்றுதான்: அன்றைக்கு மினுக்கு, அடுத்த நாள் தூசு, அதன்மேல் துணியை வைத்துத் துடைக்கும்போது அந்தத் தூசே உப்புத்தாளாகத் தேய்த்துக் கீறல். பழைய ஆயிலில் கரியும் அமிலமும் இருக்கின்றன. தொடர்ந்து தோலில் படுவது உடலுக்குக் கேடு என்பது அறிந்த விஷயம். மெழுகு அப்படியல்ல. உலர்ந்து இறுகி, வெயிலையும் பறவை எச்சத்தையும் பெயின்ட்டுக்குப் பதிலாகத் தான் வாங்கிக்கொள்ளும். கார் மெழுகில் சேரும் கார்னுபா மெழுகு உருக 80 டிகிரிக்குமேல் வேண்டும் என்பதால் நம் வெயிலிலும் நிற்கும், ஆயினும் வயல் வேலை செய்யும் வண்டியில் ஓரிரு மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டியிருக்கும். மெழுகுக்குப் பதிலாகப் பூசும் செயற்கை சீலன்ட் விலை கூட, நிற்கும் காலமும் கூட. தண்ணீர் தெளித்தால் முத்தாக உருண்டு நின்றால் மெழுகு இருக்கிறது, விரிந்து படர்ந்தால் தீர்ந்துவிட்டது. செராமிக் கோட்டிங் செய்யும் கடைகள் இப்போது நம் பக்கத்திலும் வந்துவிட்டன. காருக்குத் தகும், சேற்றைப் பிரஷ்ஷால் தேய்த்து எடுக்கும் டிராக்டருக்கு அவ்வளவு செலவு தகாது.

சிவப்பு வண்டிகளின் பானட்டில் விரலை வைத்துத் தேய்த்தால் சிவப்புத் தூள் ஒட்டுகிறதல்லவா, அது வெயிலில் பெயின்ட்டின் மேல்தோல் சிதைந்ததன் அடையாளம். அந்த நிலையில் மெழுகை நேரே பூசிப் பயனில்லை. முதலில் பாலிஷிங் காம்பவுண்டால் சிதைந்த தோலை எடுத்து, நிழலில், தகடு ஆறியிருக்கும்போது, மெல்லியதாக மெழுகைப் பூச வேண்டும். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் மெழுகிட்ட பானட்டில் ஈரத்துணி பட்டாலே போய்விடும், வெளுத்த பெயின்ட்டிலோ உள்ளே இறங்கிக் கறையாக நிற்கும்.

எண்ணெய்க்கும் கிரீஸுக்கும் உரிய இடம் பெயின்ட் இல்லாத இரும்பு: கலப்பைக் கொழு, ரோட்டவேட்டர் பிளேடு, பி.டி.ஓ. தண்டின் (பின்னால் கருவிகளைச் சுழற்றும் தண்டு) பற்கள், லிஃப்ட் கைகளின் மூட்டு. மழைக்காலத்தில் வேலையில்லாமல் நிற்கும் கருவிகளுக்கு இதைவிட மலிவான காப்பு இல்லை. பேட்டரி முனைகளில் பூத்த வெள்ளையைச் சமையல் சோடா கரைசலால், கரைசல் செல்லுக்குள் இறங்காதபடி மூடிகளை இறுக்கிவிட்டு, கழுவித் துடைத்துப் பெட்ரோலியம் ஜெல்லி தடவினால் போதும். இன்ஜின் பிளாக்குக்கு மெழுகும் வேண்டாம், ஆயிலும் வேண்டாம், உலர்ந்தே இருக்கட்டும்.

துரு கண்ட இடங்களில் முழுவண்டிக்கும் பெயின்ட் அடிப்பதா, அந்த இடத்தை மட்டும் சரிசெய்வதா என்றால் நான் இரண்டாவதையே சொல்வேன். உப்புத்தாளால் நல்ல இரும்பு தெரியும்வரை தேய்த்து, ரெட் ஆக்சைடு பிரைமர் கொடுத்து, அதன்மேல் எனாமல் அடித்தால் பல மழைக்குத் தாங்கும். துருவின் மேலேயே பெயின்ட் அடித்தால் அடியில் துரு வளர்ந்து கொப்புளமாகக் கிளப்பிவிடும். எனாமலைவிட இரண்டு டப்பா கலந்து அடிக்கும் பி.யு. (பாலியூரிதேன்) பெயின்ட் வெயிலை அதிகம் தாங்கும். அதன் புகை நுரையீரலுக்குக் கெடுதி என்பதால், உரிய மாஸ்க் போட்டு அடிக்கும் பட்டறையில் மட்டுமே கொடுக்க வேண்டும். துரு கண்ட இடத்தை மட்டும் சரிசெய்வது விற்க நினைப்பவர்களுக்கும் பொருந்தும், ஏனெனில் முழுப் புதுப் பெயின்ட்டைப் பார்க்கும் விவரமறிந்தவர் அது எதை மறைக்கிறது என்றுதான் முதலில் தேடுவார்.

நிறுத்தும் இடத்தைப் பொறுத்தவரை, தார்ப்பாயை வண்டிமேல் அப்படியே போர்த்துவதைவிடக் கீற்றுக் கொட்டகையோ தகரக் கொட்டகையோ எவ்வளவோ மேல். காற்றில் அசையும் தார்ப்பாய் பானட்டின் விளிம்புகளைத் தேய்த்துப் பெயின்ட்டை எடுக்கும், அடியில் ஈரத்தையும் பிடித்துவைக்கும். தார்ப்பாய்தான் வழி என்றால் நான்கு கழி நட்டு, வண்டியைத் தொடாதபடி மேலே கட்டி, பக்கங்களைக் காற்றோட்டத்துக்குத் திறந்துவிட வேண்டும்.