மினுக்காத திரை: டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ் நூலகம் பற்றிய மதிப்பீடு

பெங்களூரு பீன்யாவில் ஒரு பட்டறையின் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்காக, அழுத்தத்தை வரைகோடாகக் காட்டும் விண்டோஸ் நிரல் ஒன்றை, விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும் நிரல்களுக்குத் திரைகளை அமைக்க உதவும் சி++ நூலகமான டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸைக் கொண்டு எழுதினேன். நொடிக்கு 20 முறை திரையைப் புதுப்பித்த முதல் பதிப்பைப் பார்த்த ஓசூர்க்கார ஆபரேட்டர், "கோடு நல்லாத்தான் வருது சார், ஆனா மினுக்கிக்கிட்டே இருக்கு, பத்து நிமிஷம் பார்த்தா தலை வலிக்குது" என்றார். நாள் முழுவதும் அதன் முன் நிற்பவர் அவர் என்பதால், அந்தச் சொல்லை என்னால் எளிதாகக் கடந்து போக முடியவில்லை.

பிழை என்னுடையதே. விண்டோஸில் ஒரு பரப்பை மீண்டும் வரைய நேரும்போது, பின்புலத்தை அழிக்கச் சொல்லும் செய்தி முதலில் வந்து, பரப்பு முழுவதும் ஒரே நிறம் பூசப்பட்ட பிறகே நம்முடைய கோடு அதன் மேல் விழுகிறது. இவ்விரண்டுக்கும் இடையே அந்த வெற்றுப் பரப்பு கணநேரம் கண்ணில் படுவதுதான் மினுக்கல். அழிக்கும் செய்தியை மட்டும் தடுத்துப் பார்த்தேன். மினுக்கல் நின்றது, ஆனால் நேற்றைய கோலத்தைக் கூட்டாமல் அதன் மேலேயே புதுக்கோலம் போட்டது போலப் பழைய கோடுகள் அப்படியே தங்கிவிட்டன.

1992இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்மார்ட் தொடங்கிய இந்த நூலகம் இதற்குத் தரும் தீர்வு மிகத் தெளிவானது. விண்டோவின் பின்புலப் பாணியை 'பெயிண்ட்' என அமைத்துவிட்டால் அழிக்கும் கட்டம் தனியே நிகழ்வதில்லை. நூலகத்தின் வரையும் கருவியான ஆட்டோபஃபர்டு பெயிண்ட் டிசியைப் பயன்படுத்தினால் பின்புலமும் கோடும் இடையகம் எனப்படும் நினைவகத்துப் படம் ஒன்றில் வரையப்பட்டு, முழுமையான பிறகே ஒரே வீச்சில் திரைக்கு வருகின்றன. லினக்ஸில் விண்டோக்களை வரையும் ஜிடிகே தொகுப்பு, மேக் ஆகியவற்றில் அமைப்பே இடையகத்தைப் பார்த்துக்கொள்வதால், அங்கு இது இரண்டாவது இடையகம் எதையும் உருவாக்குவதில்லை. ஒரே நிரலை மூன்று இடங்களிலும் ஓட்ட வேண்டியவருக்கு இந்தக் கவனத்தின் அருமை புரியும்.

இந்த நூலகத்துக்குக் கட்டணமில்லை, மூலநிரலை வெளியிடாத மூடிய நிரலிலும் பயன்படுத்தலாம்.

குறை என்றால், இயல்பிருப்பு 'அழித்தல்' பாணியாகவே இருப்பதைச் சொல்வேன். புதியவர் இதைத் தாமாகத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. ஒரு நிறம் இன்னொன்றாக மெல்ல மாறும் நிறச்சாய்வின் மேல் வைத்த லேபிளும் தனக்குப் பின்னால் ஒற்றை நிறக் கட்டத்தோடு துருத்திக்கொண்டு நின்றது. அதை நீக்கிவிட்டு, அந்த எழுத்துகளையும் கோட்டுடன் சேர்த்து நானே வரைந்தேன். தலைவலி போய்விட்டதாகச் சொன்ன ஆபரேட்டர், எண்களை இன்னும் பெரிதாகப் போடச் சொல்லியிருக்கிறார்.