முடக்குவாதமும் காலை ஆறு மணி வாசகமும்: மூன்று வருட அனுபவம்

நேற்று இரவு தோழி ஒருத்தி போன் செய்தாள். அவள் தங்கைக்கு முடக்குவாதம், அதாவது மூட்டுகளைத் தாக்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்று உறுதியாகி மூன்று வாரம்தான் ஆகிறது. அந்தப் பெண் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடக்கிறாளாம். "நீ தினமும் அஃபர்மேஷன் சொல்கிறாயே, அந்த ஆப்பை அவளுக்கும் போட்டுக் கொடுக்கட்டுமா?" என்று கேட்டாள். சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூன்று வருடமாக ஒரு நாள் விடாமல் செய்கிற எனக்கே ஏன் வரவில்லை என்று ராத்திரி முழுக்க யோசித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

அஃபர்மேஷன் என்பது தனக்குத்தானே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்ளும் நம்பிக்கை வாசகம், அதை எப்படிச் சொல்வது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதற்குள் போகவில்லை. என் கோபம் ஒரே ஒரு வாசகத்தின் மேல். காலை ஆறு மணிக்குப் போன் திரையில் வந்து நிற்கும்: "என் உடல் முழு ஆரோக்கியத்துடன் இருக்கிறது." ஆறு மணிக்கு என் கை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். அலாரத்தை நிறுத்த விரல் நீளாது, உள்ளங்கையின் ஓரத்தால் திரையைத் தேய்த்துத் தேய்த்து நிறுத்துவேன். ராத்திரி முழுக்க அசையாமல் கிடந்த மூட்டுகள் ஒரு பக்கம், விடியற்காலையில் ரத்தத்தில் ஏறும் அழற்சிப் பொருட்கள் ஒரு பக்கம், இரண்டும் சேர்ந்து இந்த நோயில் விடியற்காலையைத்தான் நாளிலேயே மோசமான நேரமாக்கி வைத்திருக்கின்றன. அந்த நேரம் பார்த்து அந்த வாசகம். வாய் ஒன்று சொல்லும், கை இல்லை என்னும்.

வெறும் எரிச்சலோடு போயிருந்தால் பரவாயில்லை. முதல் வருடம் ஒரு ரத்தப் பரிசோதனையில், உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் ஈஎஸ்ஆர் அளவு குறையாமல் ஏறி வந்தது. மருந்தின் அளவு போதவில்லையோ என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் மனதாரச் சொல்லவில்லையோ, நம்பாமல் சொன்னதால்தான் ஏறிவிட்டதோ என்று அழுதேன். நோய் வந்ததும் போதாமல் அது குறையாததும் என் தப்பு என்று ஆகிவிட்டது. இதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மருத்துவர் அளவைக் கூட்டினார், அடுத்த பரிசோதனையில் இறங்கியது, அவ்வளவுதான் விஷயம்.

அப்புறம்தான் இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நூறு வருடத்துக்கு முன் இதைப் பரப்பியவர் பிரான்ஸைச் சேர்ந்த எமில் கூயே என்ற மருந்தாளுநர். காலையும் இரவும் இருபது தடவை சொல்லச் சொன்னார், ஆனால் அவர் கொடுத்த வாசகம்கூட "நாளுக்கு நாள் தேறி வருகிறேன்" என்ற தினுசில்தான் இருக்கிறது. "வருகிறேன்" என்பதற்கும் "இருக்கிறேன்" என்பதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பது படுக்கையில் கிடப்பவருக்குத்தான் தெரியும். 2009இல் ஜோஆன் வுட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் ஓர் ஆய்வு செய்தார்கள். தன்மீது மதிப்புக் குறைவாக உள்ளவர்கள் "நான் அன்புக்குரியவன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னபோது, சொல்லாமல் இருந்தவர்களைவிட அவர்கள் மனம் இன்னும் கீழே போனது. அதைப் படித்த அன்று எனக்கு வந்த ஆறுதல் எந்த வாசகத்திலும் வந்ததில்லை. எனக்கு மட்டும் நடக்கிற விஷயம் இல்லை இது.

இவ்வளவு திட்டியும் ஏன் விடவில்லை என்றால், ஒரு நாள் காலையில் நடந்த ஒன்றினால். ஃப்ளேர், அதாவது நோய் திடீரென்று தீவிரமாவது, வந்து நான்காம் நாள். சட்டையின் மேல் பட்டன் ஓட்டைக்குள் பாதி நுழைந்து வழுக்கி வெளியே வந்தது, மறுபடி பாதி நுழைந்தது, மறுபடி வெளியே. அப்போது என்னை அறியாமல் என் கையைப் பார்த்துச் சொன்னேன்: "கொஞ்சம் பொறு, நேற்றும் இளகினாய், இன்றும் இளகிவிடுவாய்." சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று, இளகியது, பட்டனும் ஏறியது. அன்றைக்கே ஒரு நோட்டு எடுத்து அந்த வரியை எழுதி வைத்தேன்.

இந்த வரியை என் கை மறுத்துப் பேச முடியாது, அதுவே செய்து காட்டியதைத்தான் சொல்கிறேன். "நான்" என்று சொல்லாமல் "நீ" என்று சொன்னதிலும் ஏதோ இருக்கிறது. ஈதன் க்ராஸ் என்ற உளவியலாளரும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் இதைத்தான் எழுதியிருக்கிறார்கள்: பதற்றமான நேரத்தில் தன்னைப் பெயர் சொல்லியோ "நீ" என்றோ அழைத்துப் பேசிக்கொண்டால், கொஞ்சம் தள்ளி நின்று பார்க்க முடிகிறதாம். இப்போது நோட்டில் பதினோரு வரிகள் இருக்கின்றன. வாரம் ஒரு முறை இந்த நோய்க்கான மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை போடும் நாளுக்கு மறுநாள் எனக்குத் தலை தூக்க முடியாது, அதற்கென்று ஒரு வரி: "நேற்று மாத்திரை போட்டாய், அதனால்தான் இந்தச் சோர்வு, நாளைக்குப் போய்விடும்." இதைப் போய் அஃபர்மேஷன் என்பதா என்று கேட்டால் எனக்குக் கவலையில்லை. வலி குறைந்ததா? இல்லை. ஈஎஸ்ஆர் குறைந்தது மருந்தால். ஆனால் காலையில் அந்த ஒரு மணி நேரம் இப்போது பயமில்லாமல் போகிறது, அது எனக்குச் சின்ன விஷயம் இல்லை, உயிரே திரும்பி வந்த மாதிரி.

இப்படிச் சொல்கிற நான்தான் இன்று காலை தோழிக்குப் போன் போட்டு, வேண்டாம், கொடுக்காதே என்றேன். "பாசிட்டிவாக இரு" என்று ஏற்கெனவே பத்துப் பேர் அந்தப் பெண்ணிடம் சொல்லியிருப்பார்கள், பதினோராவதாகப் போனும் ஆறு மணிக்கு எழுப்பிச் சொல்ல வேண்டுமா? பக்கத்தில் போய் உட்கார், அழுதால் அழட்டும் என்றேன். மெத்தோட்ரெக்ஸேட்டின் பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும் என்பதை மட்டும் மறக்காமல் சொல்லச் சொன்னேன். எனக்கு அதை யாரும் புரியும்படி சொல்லவில்லை, அதனால்தான் அத்தனை அழுகையும்.

ஒரு நாள் அவளே கேட்டால் நோட்டு வாங்கிக் கொடு, என்ன எழுதுவது என்று சொல்லிக் கொடுக்காதே என்றேன். கூடவே தடித்த பிடி உள்ள பேனா ஒன்று. மெல்லிய பேனாவை அந்த விரல்களால் பிடிக்க முடியாது.