ஃப்ராக்டல் பாடத்தை எதுல ஆரம்பிக்கலாம்: ஸூம் வீடியோவா, ஸ்கேல் பென்சிலா, டைஸா?

ஒரு வடிவத்துல சின்னத் துண்டை எடுத்துப் பார்த்தாலும் முழு வடிவம் மாதிரியே இருக்கும், அதுக்குள்ள இன்னும் சின்னதும் அப்படியே, அதுதான் ஃப்ராக்டல். இதைப் பிள்ளைகளுக்கு முதன்முதலா காட்ட நாலஞ்சு வழி இருக்கு. மேண்டல்பிராட்ங்கிற ஃப்ராக்டல் படத்தைப் பெருசாக்கிக்கிட்டே உள்ள போற ஸூம் வீடியோ, காலிபிளவர், கோலம், கோக் பனித்துகள், டைஸ் உருட்டி புள்ளி வைக்கிறது. மதுரை, மேலூர், உசிலம்பட்டி பக்கம் கணக்கு எடுக்குற டீச்சருங்க கூட பேசினா எதுல ஆரம்பிக்கிறதுங்கிறதுலதான் பேச்சு வந்து நிக்கும். என் கட்சி டைஸ். ஏன்னு சொல்றேன்.

வீடியோவை முதல்ல எடுத்துக்குவோம், நிறைய பேர் அதைத்தான் போடுறாங்க. ஸ்மார்ட் போர்டுல ஓட விட்டா கிளாஸே வாயைப் பொளந்து பார்க்கும், அழகுல குறையே இல்ல. ஆனா முடிஞ்ச பிறகு "என்ன பார்த்தீங்க"ன்னு கேட்டா "கலர் கலரா உள்ள போய்க்கிட்டே இருந்துச்சு சார்"னு மட்டும்தான் பதில் வரும். பிள்ளைக கைல ஒரு விதியும் இல்ல, எண்ணிப் பார்க்க ஒண்ணும் இல்ல. அந்தப் படத்துக்குப் பின்னாடி இருக்குறது கலப்பெண் (complex number), அது பன்னெண்டாவதுலதான் வருது. ஒன்பதாவது பிள்ளைக்கு வீடியோவைப் போட்டா நாம காட்டுறது படம் மட்டும்தான்.

காலிபிளவர் நல்லதுதான். மாட்டுத்தாவணி மார்க்கெட்ல ஒரு பூ வாங்கிட்டு வந்து ஒரு கிளையை ஒடிச்சா முழுப்பூ மாதிரியே இருக்கும், அதுல இன்னொண்ணை ஒடிச்சாலும் அதே மாதிரி. மூணு நாலு தடவையோட ஒடிக்க முடியாம நின்னுபோகும். இயற்கைல எங்கயாச்சும் நின்னுரும், கணக்குல நிக்காது, இந்த வித்தியாசத்தைச் சொல்ல அஞ்சு நிமிஷம் போதும்.

கோலத்துல நான் கொஞ்சம் கறாரா இருப்பேன். "நம்ம கோலமே ஃப்ராக்டல்தான்"னு சுலபமா சொல்லிடுறாங்க. கோலத்துக்குள்ள கணக்கு இருக்கு, நிஜம்தான், சென்னை கிறிஸ்தவக் கல்லூரில இருந்த கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருதிவாசன் கூட சேர்ந்து 1970-கள்லயே கோலத்துக்கு இலக்கண விதி எழுதி ஆராய்ச்சிக் கட்டுரை போட்டிருக்காங்க. ஆனா வாசல்ல போடுற சிக்குக் கோலத்தைப் பெருசாக்கணும்னா புள்ளி வரிசையைக் கூட்டுறோம், புள்ளிக்கும் புள்ளிக்கும் இடைவெளி அதேதான், கோலம் வெளிப்பக்கமா வளருது. ஃப்ராக்டல் ஒரு எல்லையைத் தாண்டி வெளிய வளராது, அதே வடிவம் சின்னதாகி சின்னதாகி உள்பக்கமா நுணுகிப் போகும். இதை விளக்காம கோலத்துல ஆரம்பிச்சா பிள்ளைக "ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வந்தா ஃப்ராக்டல்"னு பிடிச்சுக்குவாங்க, அப்படிப் பார்த்தா கட்டம் போட்ட லுங்கியும் ஃப்ராக்டல் ஆயிரும்.

நிஜப் போட்டி கோக்குக்கும் டைஸுக்கும்தான்.

கோக் பனித்துகளை ஸ்வீடன்காரர் ஹெல்கே வான் கோக் 1904-ல எழுதினார். வரையச் சொல்றப்ப சார்ட்டுல 27 செ.மீ. பக்கத்துக்கு சமபக்க முக்கோணம் போடச் சொல்லுங்க, மூணால வகுத்துக்கிட்டே போக அந்த நம்பர் வசதி. ஒவ்வொரு கோட்டையும் மூணாப் பிரிச்சு நடுத்துண்டை அழிச்சுட்டு அங்க வெளிப்பக்கமா அதே நீளத்துல ரெண்டு கோடு போட்டு ஒரு கூம்பை எழுப்பணும், அம்புட்டுதான் விதி. சுற்றளவு 81, அப்புறம் 108, 144, 192 செ.மீ.ன்னு போகும். ஒவ்வொரு தடவையும் மூணுல நாலு மடங்கு, அதாவது 4/3, அதனால முடிவே இல்லாம ஏறும். பரப்பளவோ முதல் முக்கோணத்தோட 8/5 பங்கைத் தாண்டவே தாண்டாது. பெருக்குத் தொடர் படிச்ச பிள்ளை ஒரு பங்கு, அதுக்கு மேல 1/3, அதுக்கு மேல 4/27ன்னு கூட்டி அந்த 8/5-ஐ அதுவே எடுத்துரும். முடிவில்லாத வேலி, ஆனா உள்ள இருக்குற நிலம் இம்புட்டுதான். பத்தாவது, பதினொண்ணாவதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல. சிக்கல் என்னன்னா மூணாவது சுற்றுல 192 கோடு, எல்லாம் 1 செ.மீ., ரப்பர் போட்டு அழிச்சு அழிச்சு பேப்பர் கிழியும், வரையுறதுல நிதானம் இல்லாத பயலுக பாதிலயே பென்சிலை வச்சுருவாங்க.

டைஸ் ஆட்டத்துல அந்த வம்பே கிடையாது. முக்கோணத்தோட மூணு மூலைக்கு ஏ, பி, சி. உள்ள எங்கயாச்சும் ஒரு புள்ளி வச்சுட்டு டைஸை உருட்டணும். 1, 2 விழுந்தா ஏ, 3, 4-க்கு பி, 5, 6-க்கு சி, அந்த மூலையை நோக்கி சரியா பாதி தூரம் போய் அடுத்த புள்ளி, அங்கேருந்து மறுபடி உருட்டணும். முதல் ஏழெட்டுப் புள்ளியை மட்டும் கணக்குல விட்டுருங்க. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி "கடைசில என்ன வரும்"னு கேளுங்க, டைஸ்தானே, முக்கோணம் முழுக்க ரொம்பிரும்னுதான் அநேகமா எல்லாரும் சொல்லுவாங்க. ஒரு குரூப் இருநூறு முன்னூறு புள்ளி வச்சதும் நடுவுல தலைகீழா ஒரு முக்கோணம் காலியா கிடக்கும், அதைச் சுத்தி இருக்குற மூணுலயும் அதே மாதிரி குட்டிக் காலியிடம் தெரிய ஆரம்பிக்கும். போலந்துக்காரர் சியர்பின்ஸ்கி 1915-ல எழுதின முக்கோணம் இது.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது, அந்தக் காலியிடம் ஏன்னு எட்டாவது பிள்ளையே சொல்லிரும். ஏ-வை நோக்கி பாதி தூரம் போனா ஏ மூலைல இருக்குற பாதி அளவு முக்கோணத்துக்குள்ளதான் விழ முடியும், பி, சி-க்கும் அப்படித்தான், அப்ப நடுவுல எவன் போய் விழுவான்? வடிவொத்த முக்கோணம் தெரிஞ்சா போதும்.

பரிமாணமும் இங்கயே சுலபமா வந்துரும். கோட்டை ரெண்டு மடங்காக்கினா பழைய கோடு 2 அடங்கும், சதுரத்துல 4, சியர்பின்ஸ்கில 3. கோடு 1 பரிமாணம், சதுரம் 2, அப்ப இது நடுவுல எங்கயோ இருக்கணும்ல? 2-க்கு எந்த அடுக்கு போட்டா 3 வரும்னு தேடினா 1.585. கோக் கோட்டை மூணு மடங்காக்கினா 4 அடங்கும், அதுக்கு 1.26. பதினொண்ணாவது பிள்ளைகன்னா பாஸ்கல் முக்கோணத்துல 16 வரிசை எழுதி ஒற்றைப்படை எண்ணுக்கு மட்டும் கலர் அடிக்கச் சொல்லுங்க, கலர் பட்டது 81 எண் இருக்கும், அதே சியர்பின்ஸ்கி வந்து நிக்கும்.

அதனால எட்டு, ஒன்பதுக்கு டைஸ் மட்டும் போதும், பத்து, பதினொண்ணுக்கு டைஸ் முடிச்சுட்டு கோக். வெளிய கூட்டிப்போக முடிஞ்சா ஊர்க் கண்மாயைக் காட்டிட்டு அதோட மேப்பை பிரிண்ட் எடுத்து டிவைடரை 4, 2, 1 செ.மீ.ன்னு குறுக்கிக்கிட்டே சுத்தி அளக்க விடுங்க. நாம போட்ட கரைப்பக்கம் நீளம் அவ்வளவா மாறாது, தண்ணி ஏறி நெளிஞ்சு கிடக்குற பக்கம் ஒவ்வொரு தடவையும் கூடும். பிரிட்டன் கடற்கரை எவ்வளவு நீளம்னு 1967-ல கணித அறிஞர் மேண்டல்பிராட் கேட்ட கேள்வி இதேதான்.

வீடியோ பன்னெண்டாவதுக்கு, அதுவும் கடைசில. அதுக்கு முன்னாடி போன் கால்குலேட்டர்ல ஒரு கணக்கு: 0-ல ஆரம்பிச்சு வர்ற விடையை வர்க்கம் பண்ணி 0.25 கூட்டு, திரும்பத் திரும்ப. எத்தனை தடவை போட்டாலும் 0.5-ஐத் தாண்டாது. 0.25-க்குப் பதிலா 0.26 போட்டா மெதுவா ஊர்ந்து போய் 30-ஆவது தடவைல 2-ஐத் தாண்டி ஓடிரும். விடை அடங்கி நின்னா நாம கூட்டுற எண்ணுக்குக் கருப்பு, ஓடிப்போனா எவ்வளவு சீக்கிரம் ஓடுதோ அதுக்கேத்த கலர், இதைச் சொல்லிட்டு வீடியோவைப் போடுங்க.