ரெகுவாவா, போட்டோரெக்கா, கொழும்பு ஆய்வகமா?

கணினியில் கோப்பு காணாமல் போனால் திருகோணமலையில் நமக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன: ரெகுவா, போட்டோரெக் என்னும் இரண்டு இலவச மென்பொருள்கள், இல்லாவிட்டால் வன்தட்டைப் பார்சல் கட்டிக் தொலைந்த கோப்புகளை மீட்டுத்தரும் கொழும்பு ஆய்வகத்துக்கு அனுப்புவது. கோப்பு எப்படிப் போனது என்று தெரியாமல் இவற்றில் எதையும் தொடக்கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

மூதூரில் ஓர் ஆசிரியர் தவணைப் பரீட்சை வினாத்தாளைப் பென் டிரைவிலிருந்து தவறுதலாக அழித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பென் டிரைவில் அழித்தது குப்பைக்கூடைக்குப் போகாது. ஆனாலும் உள்ளடக்கம் உடனே அழிவதில்லை. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் அட்டவணையில் அந்த இடம் காலி என்று குறிக்கப்படுகிறது, அவ்வளவுதான். இதற்கு ரெகுவா போதும். பெயரோடு பட்டியல் வரும். பச்சை வட்டம் என்றால் நம்பலாம். சிவப்பு என்றால் அந்த இடத்தில் வேறெதுவோ எழுதப்பட்டுவிட்டது.

கல்யாணப் படம் எடுக்கும் ஸ்டுடியோக்காரர்களுக்கு நான் சொல்வது போட்டோரெக். கமரா அட்டையைச் செருகியதும் ‘ஃபார்மெட் செய்யவா?’ என்று கணினி கேட்டால், அட்டவணையே சிதைந்திருக்கலாம். போட்டோரெக் அட்டவணையை நம்பியிருப்பதில்லை. அட்டை முழுவதையும் படித்து, ஜேபெக் படம் தொடங்கும் அடையாளத்தைத் தேடிப் பிடிக்கிறது. ஆனால் பெயர்கள் போய்விடும்: எஃப் என்ற எழுத்தும் நீண்ட எண்ணுமாகப் படங்கள் வந்து குவியும். தாலி கட்டும் படத்தை அந்தக் குவியலில்தான் தேட வேண்டும். படம் எடுத்த நேரம் படத்துக்குள்ளேயே பதிந்திருப்பதால் அதைக்கொண்டு வரிசைப்படுத்துங்கள், வேலை பாதியாகக் குறையும். சிதறிப் பதிந்த நீண்ட வீடியோக்களில் இது தடுமாறும். போட்டோரெக் கறுப்புத் திரையில் விசைப்பலகையால் இயங்குவது; அதற்குத் தயங்குபவர்களுக்கு, மவுஸால் இயக்கும் க்யூபோட்டோரெக்கும் அதே பொதியில் இருக்கிறது.

எந்த மென்பொருளானாலும் கோப்பு தொலைந்த தட்டிலேயே அதை நிறுவாதீர்கள். மீட்டதையும் அங்கே சேமிக்காதீர்கள்.

வன்தட்டு ‘டிக் டிக்’ என்று சத்தமிட்டால் இரண்டு மென்பொருளும் வேண்டாம். உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். ஓட ஓட, பழுதான வாசிப்பு முனை தட்டைக் கீறிவிடலாம். செலவு கனக்கும்தான், ஆனாலும் தூசியற்ற அறையில் திறந்து பார்க்கும் ஆய்வகத்துக்கே அது போக வேண்டும். சுழலும் தட்டு இல்லாத, சில்லுகளில் பதியும் எஸ்எஸ்டியின் கதை வேறு: அழித்த இடத்தைக் காலிசெய்யும் ட்ரிம் என்ற வசதி அதைத் துடைத்துவிட்டால், பெரும்பாலும் ஆய்வகமும் கைவிரித்துவிடும்.

சில நேரம் கோப்பு தொலைந்தே இருக்காது. பென் டிரைவில் கோப்புறைகள் இருந்த இடத்தில் குறுக்குவழிகள் (ஷார்ட்கட்) மட்டும் தெரிந்தால் அது வைரஸின் வேலை. அவற்றைச் சொடுக்காதீர்கள். முதலில் வைரஸை நீக்குங்கள். பிறகு, கோப்புகளின் மறைப்பை மாற்றும் விண்டோஸின் அட்ரிப் (attrib) கட்டளையால் மறைப்பை எடுத்தால் எல்லாம் அப்படியே இருக்கும்.

காரணத்தைத் தேட, கணினியில் நடந்தவற்றைப் பதிந்துகாட்டும் விண்டோஸின் ஈவண்ட் வியூவரைத் திறந்து, கோப்பு போன நாளின் பதிவுகளைப் பாருங்கள். 41 என்ற எண் இருந்தால் கணினி முறையாக அணையாமல் நின்றிருக்கிறது; மாரியில் இடியும் மின்வெட்டுமாக இருக்கும் நம் ஊரில் யுபிஎஸ் வாங்கியே ஆகவேண்டும். ‘டிஸ்க்’ என்ற பெயரில் 7 இருந்தால் தட்டில் பழுதான பகுதி இருக்கிறது. அன்றே எல்லாவற்றையும் வேறு தட்டுக்குப் பிரதி எடுத்துவிடுங்கள்.