யமஹா சிஎஸ்40: குட்டி உருவம், இடது கை, இப்பதான் ஆரம்பிக்கிறீங்களா?

முதல்லயே சொல்லிடறேன், இது லெஃப்ட் ஹேண்ட் கிட்டார் கிடையாது. சாதாரண ரைட் ஹேண்ட் நைலான் ஸ்ட்ரிங் கிட்டார், ஸ்கேல் (கம்பி அதிர்ற நீளம்) 580 மிமீ, ஃபுல் சைஸ் சி40ல அது 650. நான் அஞ்சடிக்கும் கம்மி, விரலும் குட்டை, கடைகள்ல லெஃப்ட்டி (இடது கை கிட்டார்) கேட்டா எடுத்துக் காட்டினது எல்லாமே ட்ரெட்நாட்னு சொல்ற அகலமான பெரிய பாடிதான், மடில வெச்சா ஸ்ட்ரம் பண்ற (கம்பியை மீட்டுற) பக்கத்து தோள் காது வரைக்கும் ஏறுது, முதல் ஃப்ரெட்டுக்கு (கழுத்துல குறுக்கே பதிச்ச உலோகக் கோடு) மத்த கை எட்டவே மாட்டேங்குது. ஒரு கடைக்காரர் "ரைட்லயே பழகிக்கோங்கம்மா, எப்படியும் ரெண்டு கையுந்தானே வேலை செய்யப் போகுது"ன்னார். அப்படியும் உண்டு, டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் பேண்டோட கிட்டாரிஸ்ட் மார்க் நாஃப்லர் இடது கைக்காரர், ஆனா வாசிக்கிறது ரைட்ல. ராக் கிட்டாரிஸ்ட் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் ரைட் ஹேண்ட் கிட்டாரைத் திருப்பி கம்பியை மாத்திப் போட்டு வாசிச்சார். வெறுங்கையால வாசிக்கிற மாதிரி ஆக்ட் பண்ணிப் பாருங்க, எந்தக் கை தானா தாளம் போடுதோ அதுதான் ஸ்ட்ரம்மிங் கை. எனக்கு இடதுதான், அதுல பேச்சே இல்ல. அதனால இந்த சிஎஸ்40ஐ வாங்கி, ஹென்ட்ரிக்ஸ் மாதிரியே திருப்பி கம்பியை மாத்திப் போட்டுக்கிட்டேன்.

சரி ஏன் நைலான்? ஸ்டீல் ஸ்ட்ரிங் கிட்டார்ல ப்ரிட்ஜ் (பாடி மேல கம்பியைப் பிடிச்சிருக்கிற கட்டை) மேல இருக்கிற சேடில் (கம்பி உக்கார்ற மெல்லிசு பட்டை) சாய்வா இருக்கும், ஒவ்வொரு கம்பியோட தடிமனுக்கும் ஏத்த நீளம் வரணும்னு. அதுல கம்பியை மாத்திப் போட்டா சாய்வு தப்பான பக்கம் வந்துடும், ஓப்பன்ல (கம்பியை அழுத்தாம மீட்டினா) சுருதி சேர்ந்திருக்கும், மேல போகப் போக விலகும். உள்ள இருக்கிற எக்ஸ் ப்ரேஸிங்கும் (மேல் பலகையைத் தாங்குற குறுக்குக் கட்டைகள்) ரெண்டு பக்கம் ஒரே மாதிரி இருக்காது, பிக்கார்ட் (கீறல் விழாம இருக்க ஒட்டுற தகடு) வேற மேல் பக்கம் வந்து பல்லை இளிக்கும். சிஎஸ்40ல சேடில் நேரா இருக்கு, பிக்கார்ட் இல்ல, கட்அவே (பாடி ஒரு பக்கம் வெட்டின மாதிரி இருக்கிற வளைவு) இல்ல. ரிப்பேர்காரர் நட்டை (கழுத்து மேல் முனையில கம்பி உக்கார்ற பள்ளம் வெச்ச பட்டை) மெதுவா தட்டி எடுத்து திருப்பி ஒட்டினார், சேடிலையும் திருப்பினார் (பேஸ், அதாவது தடி கம்பி பக்கம் கொஞ்சம் உயரமா இருக்கணும்), புது செட் கம்பி போட்டார், முடிஞ்சுது. வாரன்ட்டிக்கு பாதிப்பு வருமான்னு மட்டும் வாங்குற இடத்துலயே கேட்டுக்கோங்க.

விரல் நுனி ஸ்டீல் அளவுக்கு எரியல, சி கார்டுக்கு விரல் எட்டுது, எனக்கு அதுவே போதும். குறையும் இருக்கு. பேஸ் சத்தம் மெலிசு. புதுக் கம்பி கொஞ்ச நாள் இழுத்துக்கிட்டே இருக்கும், எடுக்கும்போதெல்லாம் ட்யூன் பண்ணணும். கழுத்து ஸ்டீல் கிட்டாரை விட அகலம். ஸ்ட்ராப் மாட்ட பட்டன் இல்ல, காலுக்கு ஃபுட்ஸ்டூல் வெச்சுக்கறேன். ஃப்ரெட் அடையாளம் நம்ம பக்கம் தெரியாது, 5, 7, 12ல சின்னதா ஸ்டிக்கர் ஒட்டிக்கிட்டேன். சத்தம் பத்தலன்னு இதுல ஸ்டீல் கம்பி மட்டும் போட்டுடாதீங்க, அந்த இழுவைக்கு ப்ரிட்ஜ் பேத்துக்கிட்டு வந்துடும்.

ஸ்டீல்தான் வேணும்னு அடம்பிடிக்கிறவங்களுக்கு டெய்லர் ஜிஎஸ் மினி லெஃப்ட் ஹேண்ட்லயே வருது, ஸ்கேல் 23.5 இன்ச், சின்ன உடம்புக்கு அருமை, விலைதான் இதை விட பல மடங்கு. யமஹா எஃப்ஜி820எல் அசல் லெஃப்ட்டி, ஆனா ஃபுல் சைஸ், என்னை மாதிரி ஆளுக்கு அதைக் கட்டிப்பிடிக்கிறதுக்கே ரெண்டு கையும் சரியா போயிடும்.

சிஎஸ்40ஐ வாங்கி இடது கைக்குத் திருப்பிப் போடறவங்க, ரிப்பேர்காரருக்கு காசு குடுக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு கம்பியையும் ஓப்பன்லயும் முதல் ஃப்ரெட்லயும் மீட்டிப் பாருங்க. தடி கம்பி நட் பள்ளத்துல பாதில நிக்குதா, மெல்லிசு கம்பி லூசா ஆடி இரையுதான்னு பார்த்து அங்கயே சரி பண்ண வெச்சுட்டு எடுத்துட்டு வாங்க.